முந்தி விளைந்த கதிர்கள்

வவுனியா
14.11.1998

அன்புள்ள மச்சாளுக்கு,

நான் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். அம்மாவுக்கு முதலில் அதை வாசித்துக் காட்டுங்கள், மிச்சம் பிறகு. உங்களையும் அண்ணாவையும் காய்ச்சல் கிட்ட நெருங்காமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதத் தொடங்குகிறேன்.

உயிலங்குளத்துச் சோதனைச்சாவடியில் ஒரு பகல் முழுக்க வெயிலில் நின்றோம். என் பையைக் கொட்டிப் பார்த்த ஆமிக்காரன் என் குறிப்புக் கொப்பியை எடுத்துத் தட்டித் தட்டி, "இது என்ன கணக்கு?" என்றான். நெல்லு என்றேன். "நெல்லுக்கு என்னத்துக்கு இவ்வளவு நம்பர்?" என்றான். நீங்கள் நெடுகக் கேட்கிற கேள்விதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நல்லகாலம் அவன் காணவில்லை.

இங்கே ஒரு முகாமில் இருக்கிறேன். வெளியே போகப் பாஸ் கிடைத்ததும் கண்டிக்குப் போய்ப் பேராசிரியரிடம் என் முடிவுகளைக் காட்டிவிட்டு ஓடிவந்துவிடுவேன். இரண்டு கிழமை போதும். இருந்த விதை முழுவதையும் போட்டு மூன்று கிழமையில் என் பரிசோதனைப் பாத்தியை உங்களிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

நெல்லுக்குச் சாதகம் பார்க்கிற வேலை என்று நீங்கள் என்னைப் பகிடி பண்ணுவீர்கள். ஆறு வருடமாக நான் செய்வது ஒன்றுதான். எங்கள் ஊர்ச் சிவப்பு நெல்லில் மற்றவற்றுக்கு முந்தி முற்றுகிற பயிரைத் தேடிப் பிடித்து அதன் விதையை மட்டும் அடுத்த போகத்தில் போடுகிறேன். அதிலும் முந்துவதை எடுத்துத் திரும்பப் போடுகிறேன். தொண்ணூற்றாறில் வட்டக்கச்சியில் பால் பிடித்து நின்ற நெல்லை அப்படியே விட்டுவிட்டு ஓடினோமே. இன்னும் மூன்று கிழமை கிடைத்திருந்தால் வெட்டிக்கொண்டு வந்திருப்போம். அன்றிலிருந்து அந்த மூன்று கிழமையைத்தான் நான் தேடுகிறேன், மச்சாள்.

எனக்காக ஒன்று செய்யுங்கள். பாத்தியில் எந்தப் பயிர் முந்திக் கதிர் தள்ளுகிறதோ அதில் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். உங்கள் தையல் பெட்டியில் ஒரு நூல்கட்டை இருக்கிறது. நூல் கட்டியதன் விதை எனக்கு, மற்றதெல்லாம் உங்கள் குசினிக்கு.

எல்லாரையும் நினைத்துக்கொண்டிருக்கும்,
கௌசலா

*

அக்கராயன்
12.12.1998

மச்சாள் கௌசலாவுக்குக் கமலாசனி எழுதிக்கொள்வது,

பிள்ளையார் புண்ணியத்தில் இங்கே மூன்று பேரும் எழும்பி நடமாடுகிறோம். நீர் ஒழுங்காகச் சாப்பிடுகிறீரா, இல்லை கொப்பியைப் பார்த்தே வயிற்றை நிரப்புகிறீரா?

இரண்டு கிழமை என்று சொல்லிவிட்டுப் போனீர். நாலு கிழமையாகிறது. உம்முடைய நெல் முந்துகிறதோ இல்லையோ, நீர் நல்லாய்ப் பிந்துகிறீர்.

பாத்தி சுகமாக இருக்கிறது. என்னைவிடச் சுகம். உங்கள் அண்ணா முதலில் அதற்குத் தண்ணீர் கட்டிவிட்டுத்தான் எங்கள் வயலுக்குத் திருப்புகிறார். "தங்கச்சி வந்து கேட்டால் நான் என்ன மறுமொழி சொல்லுறது?" என்கிறார். பெண்சாதி கேட்டால் மறுமொழி தேவையில்லைப்போலும். உங்கள் அம்மா பழைய தகர ரின்னும் தடியுமாய் வரம்பில் இருந்து குருவி கலைக்கிறா. நீர் வரிசைக்கு ஒன்றாய் ஆணியால் இலக்கம் குத்தி நட்ட பால்மாத் தகரங்கள் எல்லாம் அப்படியே நிற்கின்றன.

யூரியா இல்லாமல் வயல் வெளிறிப்போய் நிற்கிறது. நிவாரண அரிசியை அவித்தால் குசினிக்குள் நிற்க முடியவில்லை, அந்த மணம். இடம்பெயர்ந்து இரண்டு வருடத்துக்கு மேலாக இதைத்தான் தின்கிறோம். அம்மா தினமும் ஒருக்கால், "புது அரிசிச் சோறு ஒருவாய் திண்டிட்டுச் செத்தால் காணும்" என்கிறா. நான், "செத்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் இதே அரிசிதான் மாமி" என்றேன். பேச்சு வாங்கினேன்.

நூல் விஷயம் என் பொறுப்பு. இருந்த ஒரே சிவப்புக் கட்டையை உம்முடைய நெல்லுக்குச் சீதனமாகக் கொடுக்கிறேன் என்று எழுதி வையும்.

கெதியாய் வாரும்.
கமலாசனி

*

வெள்ளவத்தை
3.1.1999

அன்புள்ள மச்சாளுக்கு,

வருடம் பிறந்துவிட்டது. இந்த வருடமாவது நீங்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் அசையாமல் இருக்க வேண்டும்.

விலாசத்தைப் பார்த்து யோசிக்காதீர்கள். கண்டி வேலை முடிந்தது. அங்கே வருகிற பாதை பூட்டென்றார்கள், அதனால் சிவலட்சுமி மாமி வீட்டில் நிற்கிறேன். பேராசிரியரைச் சந்தித்தேன். நல்ல மனிதர். தேத்தண்ணீர் எல்லாம் தந்து கதைத்தார். கொப்பியை முழுக்கப் பார்த்தார். இன்னும் சில விளக்கங்கள் கேட்டிருக்கிறார்.

மாமி நல்லாய்ப் பார்க்கிறா. ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடற்கரைக்குப் போகிறேன், வருகிறேன், கதிரையில் இருக்கிறேன், திரும்ப எழும்புகிறேன். மாமி, "உனக்குக் காலில சில்லுப் பூட்டியிருக்கோ பிள்ளை?" என்கிறா. சோறு போட்டால் அரிசி என்ன இனம் என்று பார்க்கிறேன். விசர் பிடித்துவிடும்போல இருக்கிறது.

கதிர் வந்துவிட்டதா? நூல் கட்டினீர்களா? எத்தனை பயிர்? மற்ற வயலோடு பார்த்தால் எவ்வளவு முந்தி? நான்கு வரியாவது எழுதிப் போடுங்கள்.

உங்கள்,
கௌசலா

*

அக்கராயன்
20.1.1999

மச்சாளுக்கு,

நாங்கள் சுகம், என்னைத் தவிர. இரண்டு நாளாய்க் குளிரும் காய்ச்சலுமாய் இருக்கிறது. மாறிவிடும், பயப்படாதேயும்.

இனி உம்முடைய கதை. கேட்டுச் சந்தோசப்படும். எங்கள் வயல் முழுக்க இன்னும் பச்சை. பக்கத்துக் கனகலிங்கத்தாரின் வயலும் பச்சை. குளத்தடி வரைக்கும் பச்சை. உம்முடைய பாத்தியில் நூல் கட்டின பயிர்கள் மட்டும் பழுத்துத் தலை சாய்த்து நிற்கின்றன. ரோட்டால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்க்கிறார்கள்.

கனகலிங்கத்தார் வரம்பில் நின்று, "உது என்ன நெல்லு பிள்ளை, வியாதி கியாதியோ?" என்றார். "வியாதியில்லை. எங்கட மச்சாள் எடுத்த நெல்லு. மற்றதுக்கு முந்தி முத்தும்" என்றேன். குரலை உயர்த்தித்தான் சொன்னேன். பிறகு எனக்கே வெட்கமாய்ப் போய்விட்டது. ஆறு வருடமாய்ப் பகிடி பண்ணிவிட்டு இப்போது நானே வரம்பில் நின்று பெருமை பேசுகிறேன்.

இன்னும் ஒரு கிழமை காய விட்டுக் கொய்து, வேறாக எடுத்து வைக்கிறேன்.

பேராசிரியர் நல்ல மனிதர் என்று எழுதினீர். நல்ல மனிதர் என்ன சொன்னார் என்று எழுதவில்லை.

உடம்பு நடுங்குகிறது, எழுத்துக் கோணினால் மன்னியும்.
கமலாசனி

*

அக்கராயன்
8.2.1999

மச்சாளுக்கு,

முன்பு போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. நீர் சுகமாய் இருந்தால் போதும். எனக்கு வந்தது மலேரியா. ஆஸ்பத்திரியில் பாயில் கிடந்துவிட்டு வந்து, மூன்று நாளாகத்தான் வீட்டில் நிற்கிறேன். வாய் முழுக்க மருந்துக் குளிசைக் கசப்பு.

தைப்பூசத்துக்கு அம்மா முதல் கதிர் படைத்துப் புதிர் எடுத்தா. நான் இல்லாமலே எல்லாம் முறையாகச் செய்தவ. உங்கள் அண்ணா குளித்து முழுகிக் கதிர் கொண்டுவர, உரலில் குற்றி, புதுப் பானையில் பொங்கிப் படைத்து, பக்கத்துக் கொட்டில்களில் இருக்கிற நாலு குடும்பத்துக்கும் கையில் கையில் கொடுத்தாவாம். அம்மாவின் பேரைச் சொல்லி, இராசேஸ்வரி அக்கா வீட்டில் புதிராம் என்று மற்றப் பக்கத்துச் சனமும் வந்ததாம். எல்லாருக்கும் ஒரு வாய்தான் வந்தது. இடம்பெயர்ந்த பிறகு முதல் புதிர். அம்மாவின் முகத்தை நீர் பார்த்திருக்க வேண்டும் என்று உங்கள் அண்ணா சொல்கிறார்.

மழை இல்லை. ஆட்டுக்குட்டி ஒன்று வாங்கினோம். வேறு புதினம் இல்லை.

உடம்பைப் பாரும்.
கமலாசனி

*

வெள்ளவத்தை
21.2.1999

மச்சாள்,

காய்ச்சல் முழுதாக மாறிவிட்டதா? மருந்தை இடையில் நிறுத்தாதீர்கள்.

வயல் முழுக்கப் பச்சை என்று தையில் எழுதினீர்கள். பிறகு பூசத்துக்குப் புதிர் எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். பச்சைக் கதிரை ஒருவரும் பொங்க மாட்டார்கள். எந்த நெல்லை வெட்டினீர்கள்?

கௌசலா

*

அக்கராயன்
4.3.1999

கௌசலா,

சுகம் விசாரிக்க எனக்கு முகமில்லை. நேரே சொல்கிறேன். ஓம், உம்முடைய நெல்தான்.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம். பூசத்தன்று காலமை அம்மாவும் உங்கள் அண்ணாவும் வயலுக்குப் போயிருக்கிறார்கள். வெட்டுகிற பதத்தில் நின்றது அந்த மூலை மட்டும். உங்கள் அண்ணா, "அம்மா, உது தங்கச்சியின்ர பாத்தியெல்லோ" என்றாராம்.

"அதுதானடா. பார், பிள்ளை நேர்ந்து நூல் கட்டி விட்டிருக்கு. வட்டக்கச்சியில முதல் பிலாக்காய்க்குக் கட்டினம், வாழைக்குலைக்குக் கட்டினம். சாமிக்கெண்டு கட்டினதை விட்டிட்டு வேறையை வெட்டினால் குற்றம்" என்று அம்மா சொல்லியிருக்கிறா.

அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றுவிட்டு, பிறகு கிழக்கே பார்த்துக் கும்பிட்டு அரிவாளைப் பிடித்தார். நூல் கட்டியதைத் தேடித் தேடி வெட்டினார்கள். ஒன்றைக்கூட விடவில்லை. நேர்த்திக்கடனில் பிழை வரக் கூடாதே.

நான் வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரு கிண்ணத்தை நீட்டி, "உனக்கெண்டு பொத்திப் பொத்தி வைச்சனான்" என்றா. ஒரு வாய் தின்ற பிறகுதான், எந்த நெல் மாமி என்று கேட்டேன். புளித்துப் போயிருந்தும் இனிப்பாய்த்தான் இருந்தது. அதை மறைத்தால் பொய்.

நூல் எதற்கென்று சொன்னேன். அம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. "பிள்ளையின்ர ஆறு வருஷத்தையும் நான் அவிச்சுப் போட்டன்" என்று சொல்லிச் சொல்லி அழுதா. அன்றிலிருந்து சாப்பாடு இறங்குகிறதில்லை. போன கடிதத்தில் இதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஏசுவதென்றால் என்னை ஏசும். உம்முடைய முதல் கடிதத்தின் மிச்சத்தை வாசித்துக் காட்டி, நூல் கட்டின அன்றே வீட்டில் ஒரு சொல் சொல்லியிருந்தால் இப்படி வந்திருக்காது.

பயிர்கள் இன்னும் நிற்கின்றன. வெட்டின இடத்தில் பக்கக் கிளை வெடித்துப் புதிதாய்க் கதிர் வந்து இப்போது பால் பிடிக்கிறது. பிந்தி வந்த கதிர் உமக்கு உதவாதுதானே. எங்கள் வெட்டு முடிந்ததும் கனகலிங்கத்தாரின் மாடுகளை வயலுக்குள் விடச் சொல்லிவிட்டோம்.

என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியவில்லை.
கமலாசனி

*

வெள்ளவத்தை
16.3.1999

மச்சாளுக்கு,

அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். எனக்கு அவவில் கோபம் இல்லை. கோபம் வந்தால் நல்லது என்று பார்க்கிறேன், வருகுதில்லை.

நானும் உங்களுக்கு ஒன்றை எழுதாமல் விட்டேன். அந்த நல்ல மனிதர் சொன்னது இதுதான்: "முயற்சி பெரிது, ஆனால் இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு போகமும் ஒரே ஒரு பாத்தி. இடையில் இடம் மாறியிருக்கிறீர்கள். மழைக் கணக்கு இல்லை. இரண்டு இடத்தில் இன்னும் இரண்டு போகம் செய்து காட்டுங்கள்." அவர் சொன்னது சரி. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். வெளியே வந்து எந்த பஸ்ஸில் ஏறினேன் என்றுகூட நினைவில்லை.

மாமியின் மகன் பிரதாபன் நோர்வேயில் இருக்கிறார். என்னைப் பெண் கேட்கிறார்கள். பாஸ்போட்டுக்குப் படம் எடுத்தாகிவிட்டது. நான் ஓம் என்று சொல்லவில்லை, ஆனால் படத்துக்குப் போய் இருந்தேன். கையில் விதையாவது இருக்கிறது, இன்னும் இரண்டு போகம்தானே என்று மனத்தைப் பிடித்து வைத்திருந்தேன். இப்போது அதுவும் இல்லை. எனக்குக் களைத்துப் போய்விட்டது, மச்சாள். ஒவ்வொரு முறையும் நானே என்னைத் தூக்கி நிறுத்தி நிறுத்திக் கை ஓய்ந்துவிட்டது.

அண்ணாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

கௌசலா

*

வெள்ளவத்தை
18.3.1999

மச்சாள்,

சுகம் பிறகு. மாட்டை விடாதீர்கள்.

முந்தாநாள் போட்ட கடிதத்தை வாசித்தாலும் சரி, அடுப்பில் வைத்தாலும் சரி. அந்தப் பக்கக் கதிர்களைக் காப்பாற்றுங்கள். அவை பிந்தி வந்தவை, பிந்துகிற நெல் இல்லை. ஒரே தாயின் மூத்ததும் இளையதும்போல. இளையது பிந்திப் பிறந்தது என்பதற்காகத் தாய் வேறாகிவிடுமா? முந்துகிற குணம் அந்தப் பயிருக்கு உள்ளே இருக்கிறது. அதன் எந்தக் கதிரிலும் அது இருக்கும்.

இதைப் படித்துப் பட்டம் எடுத்தவள் நான். உங்கள் கடிதத்தில் அந்த வரியை இரண்டு முறை வாசித்தேன். அழுதுகொண்டு வாசித்ததில் அது கண்ணில் படவே இல்லை. இன்று காலை மாமிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோதுதான் பளிச்சென்றது. தேங்காயைத் துருவலையோடு விட்டுவிட்டு எழும்பி ஓடிவந்து எழுதுகிறேன்.

இதே கடிதத்தை இரண்டு தரம் எழுதி ஒன்றைத் தபாலிலும் ஒன்றை வவுனியா லொறிக்கார மூக்கனிடமும் கொடுத்து விடுகிறேன். எது முந்தி வந்தாலும் அந்த நிமிடமே வயலுக்கு ஓடுங்கள். மாடு, ஆடு, குருவி, ஒன்றையும் விடாதீர்கள். காய்ந்ததும் கொய்து வையுங்கள். உடனே பதில் போடுங்கள். நான் இங்கே நெருப்பில் நிற்கிறேன்.

கௌசலா

*

அக்கராயன்
11.4.1999

மச்சாள் கௌசலாவுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். மலேரியா என்னை விட்டுவிட்டு உங்கள் அண்ணாவைப் பிடித்திருக்கிறது. அவருக்கு இப்போது பரவாயில்லை.

மூக்கன் கொண்டுவந்த கடிதம்தான் முதலில் வந்தது. களைத்துப்போனேன் என்று நீர் எழுதியது ஐந்து நாள் கழித்து வந்தது. அதனால் முதலில் உம்முடைய ஓட்டத்தையும் பிறகு உம்முடைய அழுகையையும் வாசித்தேன். அதுவும் நல்லதுக்குத்தான்.

கடிதம் வந்தபோது மாடு வயலுக்குள் இறங்கி மூன்று நாள். செருப்பும் போடாமல் ஓடினேன். அம்மா அந்த மூலையில் தடியோடு நின்றுகொண்டிருந்தா. அவவுக்கு உம்முடைய விஞ்ஞானம் ஒன்றும் தெரியாது. "இந்த மூலையில இனி ஒண்டும் வாய் வைக்கப்படாது" என்று நாள் முழுக்க நின்று கலைத்திருக்கிறா. ஆனால் முதல் நாள் மத்தியானம் அவ தண்ணீர் குடிக்க வந்த நேரம் இரண்டு கன்று புகுந்து பாதியைத் தின்றுவிட்டன. தகரங்களையும் மிதித்துச் சேற்றுக்குள் தாட்டுவிட்டன. மிஞ்சினதைக் கொய்து காயவைத்தோம். ஒரு தேங்காய்ச் சிரட்டை நிரம்பாது. அதிலும் பதர் கிடக்கிறது. எது எந்த இலக்கத்தின் விதை என்று ஒருவருக்கும் தெரியாது.

நோர்வே விஷயம். பிரதாபன் நல்ல பெடியன் என்றுதான் கேள்வி. போறதென்றால் போம். இந்த வீட்டில் ஒருவரும் உம்மைக் குறை சொல்ல மாட்டோம், நான் சொல்ல விடமாட்டேன். களைத்தது என்று சொல்ல வெட்கப்படவும் தேவையில்லை. எனக்குச் சோறு சமைக்கவே தினமும் களைக்கிறது.

ஆனால் இந்தச் சிரட்டையை நாங்கள் என்ன செய்வது என்று சொல்லிவிட்டுப் போம்.

கமலாசனி

*

வெள்ளவத்தை
24.4.1999

அன்புள்ள மச்சாளுக்கு,

அண்ணா எழும்பிவிட்டாரா? அம்மா சாப்பிடுகிறாவா?

உங்கள் கடிதம் வரும்வரை மாமி என்னிடம் பயணத்துக்குத் திகதி கேட்டுக்கொண்டே இருந்தா. பாதை திறக்கட்டும் மாமி என்பேன். எந்தப் பாதை என்று அவ கேட்கவில்லை. நோர்வேக்குப் போகவில்லை என்று நேற்றுச் சொல்லிவிட்டேன். பிரதாபனுக்கும் இரண்டு வரி எழுதி மன்னிப்புக் கேட்டேன். மாமி தேத்தண்ணீரை மேசையில் சத்தம் வரும்படி வைக்கிறா.

திடீரென்று எனக்குப் பெரிய தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அங்கே வந்து ஒரு மாதத்தில் திரும்பவும் கையை விரிப்பேன். பயமாகத்தான் இருக்கிறது. இலக்கம் போனால் ஆறு வருடக் கணக்கில் பாதி போன மாதிரி. ஆனால் அந்தச் சிரட்டையை நினைத்தால் என்னால் இங்கே ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை.

பாஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். எப்படியும் வைகாசி நடுவில் வந்துவிடுவேன். அதுவரை ஒரு மணியையும் விதைக்காதீர்கள். உமியின் நிறத்தையும் நுனியையும் பார்த்தால் எது எதுவென்று என்னால் ஓரளவு பிரிக்க முடியும். வேப்பிலை போட்டு ஈரம் படாமல் வையுங்கள். திரும்பச் சொல்கிறேன், விதைக்க வேண்டாம்.

உங்கள்,
கௌசலா

*

அக்கராயன்
7.5.1999

மச்சாளுக்கு,

எல்லாரும் சுகம். உங்கள் அண்ணா வயலில் நிற்கிறார். அம்மா இரண்டு நேரம் சாப்பிடுகிறா.

விதைக்க வேண்டாம் என்று இரண்டு முறை எழுதியிருந்தீர். கடிதம் வரமுன்னம் விதைத்துவிட்டோம். முந்தி வந்திருந்தாலும் விதைத்துத்தான் இருப்போம். சிறுபோக விதைப்புக்குக் குளத்தைத் திறந்துவிட்டார்கள். வைகாசி நடு என்று நீர் எழுதினால் அது ஆனி முடிவு என்று எங்களுக்குத் தெரியாதா? தண்ணீர் உமக்காக வாய்க்காலில் காத்துக்கொண்டு நிற்குமா?

எல்லா மணியையும் ஒன்றாய்க் கலந்து, ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு வரிசையாய்ப் போட்டோம். பாதியை இங்கேயும் பாதியைக் கனகலிங்கத்தாரின் மேட்டு மூலையிலும் போட்டிருக்கிறோம். இரண்டு இடம் வேண்டும் என்று உம்முடைய பேராசிரியர் சொன்னாரே. கனகலிங்கத்தார், "எனக்கும் அந்த முந்துற நெல்லில ஒரு பிடி வேணும், அப்பதான் இடம் தருவன்" என்றார். ஓம் என்று உம்மைக் கேளாமலே சொல்லிவிட்டேன். மழைக் கணக்குக்குப் பால்மா ரின் ஒன்றை வெளியில் வைத்திருக்கிறேன். நேற்றுப் பெய்தது இரண்டு விரல்.

முளைத்துவிட்டது, கௌசலா. பதர் என்று நினைத்தவற்றிலும் சில முளைத்திருக்கின்றன.

நீர் வந்தாலும் வராவிட்டாலும் இது ஆவணிக்குள் முற்றும். வந்தால் எது முந்தினது என்று நீர் பார்த்துச் சொல்லலாம். வராவிட்டால் நாங்கள் பார்த்துச் சொல்வோம், பிழையாய்த்தான் சொல்வோம். அந்தப் பிழையையே அடுத்த போகத்துக்கும் விதைப்போம்.

கமலாசனி